'பி' என்றால் வேறொரு 'பி' கேட்கிறது: ஆங்கில ஒலிகள் வாயில் பிறக்கும் விதம் பற்றி ஓர் ஐயம்

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டு, பகலில் கல்மண்டபம் அருகே ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். இந்தப் பருவத்தில் ஆங்கில ஒலியியல் ஒரு தாளாக வருகிறது. மெய்யொலி ஒவ்வொன்றுக்கும் குரல்நாண் அதிர்கிறதா இல்லையா, வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது, காற்று எந்த விதமாகத் தடைபடுகிறது என்று மூன்று சொற்களில் அடையாளம் எழுத வேண்டும். வகுப்பில் இதை 'த்ரீ டேர்ம் லேபிள்' என்பார்கள். 24 மெய்யொலிகளுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் அப்போது என் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் தொலைபேசி நேர்காணலில் லண்டனிலிருந்து ஒருவர் பேசினார். என் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி கேட்டார். அதன் முதலெழுத்து, 'பேப்பர்' என்ற சொல்லின் முதலெழுத்து. நான் அதைச் சொன்னால் அவர் 'பலூன்' என்ற சொல்லின் முதலெழுத்தைத் திருப்பிச் சொல்கிறார். இல்லை என்று மறுபடி சொன்னேன், மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை வெட்கத்தில் "சரி" என்று சொல்லிவிட்டேன். வர வேண்டிய கடிதம் வரவே இல்லை.

இந்த இரண்டு ஒலிகளுக்கும் உள்ள ஒரே வேறுபாடு குரல்நாண் அதிர்வுதான் என்று பாடநூல் சொல்கிறது. அன்றிரவு கழுத்தில் கை வைத்துச் சோதித்தேன். 'பேப்பர்' என்று தொடங்கும்போது அதிர்வு இல்லை. நான் சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன்? பிறகு ஏன் அவர் காதில் மாறி விழுந்தது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் வாயிலும் பிழையில்லை, அந்த லண்டன்காரர் காதிலும் பிழையில்லை. பாடநூல் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வேறு அத்தியாயத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. அந்த மீதிக்கு வருவதற்கு முன், காற்று புறப்படும் இடத்திலிருந்து ஒரு முறை நடந்து வந்துவிடுவோம்.

ஆங்கிலத்தின் எல்லா ஒலிகளும் நுரையீரலிலிருந்து வெளியேறும் மூச்சுக்காற்றில்தான் உருவாகின்றன. அந்தக் காற்று முதலில் சந்திக்கும் வாசல் குரல்வளை. அதற்குள் இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன; அவற்றைத்தான் குரல்நாண்கள் என்கிறோம், நாண் என்ற சொல் வில்லையும் கயிற்றையும் நினைவூட்டினாலும் அவை கயிறுகள் அல்ல. மடிப்புகள் விலகி நின்றால் காற்று ஓசையின்றி மேலே போய்விடும். நெருங்கி நின்றால், திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் வாங்கிய பலூனை ஊதி, அதன் வாயை இரு விரல்களால் இழுத்துப் பிடித்துக் காற்றை விடும்போது கீச்சென்று கத்துமே, அதுபோலக் காற்றின் அழுத்தத்தால் திறந்து மூடித் திறந்து மூடி அதிரும். ஆண்கள் பேசும்போது இந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்கள் பேசும்போது 200 முறைக்கு அருகிலும் நிகழ்கிறது. பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிக்கொண்டே இருந்து, நாக்கை இம்மியும் அசைக்காமல் அதை வண்டின் ரீங்காரமாக மாற்றிப் பாருங்கள். கழுத்தில் வைத்த விரல் உடனே உணரும். உயிரியல் பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அந்த ரீங்காரத்தில்தான் தொடங்குகிறது. நாம் 'ஜூ' என்று சொல்லும்போது அதில் இல்லாத ஓர் அடைப்பை முன்னால் சேர்த்துவிடுகிறோம்.

குரல்வளையைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரிகிறது. உள்நாக்கு தொங்கும் மெல்லண்ணம் மேலே எழுந்தால் மூக்கின் வழி அடைபடும். கீழே இறங்கினால் மூக்கின் வழி திறக்கும். 'ம' என்ற ஒலிக்கும் பலூனின் முதல் ஒலிக்கும் உதடு செய்யும் வேலை ஒன்றே, குரல்நாண் செய்யும் வேலையும் ஒன்றே, மெல்லண்ணம் மட்டுமே வேறு. ஜலதோஷம் பிடித்த பிள்ளை 'மாமா' என்று கூப்பிட்டால் 'பாபா' என்பதுபோல விழுவது இதனால்தான். அதற்கு மேல் நாக்கும் பல்லும் உதடும் செய்யும் வேலைகளை உங்கள் நூலிலுள்ள படமே நன்றாகக் காட்டும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். 'பம்பரம்' என்று சொல்லுங்கள். முதலில் வரும் ப-வில் அதிர்வு இல்லை. மகர மெய்க்குப் பின்னால் வரும் ப-வில் அதிர்வு உண்டு. இரண்டும் வெவ்வேறு ஒலிகள், ஆனால் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒரே எழுத்து. இடத்தைப் பொறுத்துத் தானாக மாறுவதால், மொழியியலார் இவற்றை ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்பார்கள். ஆங்கிலக் காதுக்கும் இதேபோல ஒரு மந்தம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 'பேப்பர்' என்ற சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் உதட்டைத் திறந்ததும், குரல் தொடங்குவதற்கு முன் ஒரு வெறும் மூச்சு வெடித்து வெளியேறுகிறது. அந்த ஊதல் அவர்களுக்கு அவ்வளவு இயல்பானது என்பதால் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் உடனே வேறு எழுத்தாகக் கேட்கும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் 11 மொழிகளில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அடைப்பொலிகளை, அதாவது காற்றை முழுவதும் அடைத்துத் திறக்கும் ஒலிகளை, ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் தமிழும் ஒன்று. உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலுள்ள நேரத்தை அவர்கள் கணக்கிட்டார்கள். ஆங்கிலப் 'பேப்பர்' ஒலிக்கு அது நொடியில் ஆயிரத்தில் ஏறத்தாழ 60 பங்கு. தமிழில் அதிர்வில்லாத ப-வுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஆங்கிலப் 'பலூன்' ஒலியிலோ குரல் பெரும்பாலும் உதடு திறக்கும் அதே தறுவாயில் தொடங்குகிறது. ஆக, நீங்கள் சொன்ன ஒலி நேரக் கணக்கில் அவருடைய 'பலூன்' ஒலிக்குத்தான் பக்கத்து வீடு. அவர் கேட்டதைத்தான் எழுதினார்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கடையில் பில் அச்சாகும் மெல்லிய தாளில் ஒரு துண்டைக் கிழித்து, உதட்டுக்கு முன் நான்கு விரல் தூரத்தில் தொங்கவிட்டு, வழக்கம்போல 'பேப்பர்' என்று சொல்லுங்கள். பிறகு விளக்கை ஊதி அணைப்பதுபோல ஒரு மூச்சை முதலொலியோடு சேர்த்துச் சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். 'டீ', 'கீ' போன்ற சொற்களின் தொடக்கத்துக்கும் இதே விதிதான்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நேற்றிரவே செய்து பார்த்தேன். முதலில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் தாள் எதற்கெடுத்தாலும் ஆடியது. அதை நிறுத்திய பிறகுதான் உண்மை தெரிந்தது. என் வழக்கமான 'பேப்பர்' என்ற சொல்லுக்குத் தாள் அசையவே இல்லை. ஊதிச் சொன்னபோது மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து என் அம்மா "யாரை அடி ஊதி விரட்டுகிறாய்" என்று கேட்டார்.

ஒரு துணைக் கேள்வி. கைப்பேசியில் ஒரு பிரிட்டிஷ் அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே சொன்னேன். சுழலுதலைக் குறிக்கும் 'ஸ்பின்' என்ற சொல்லில் அந்த ஊதல் எனக்குக் கேட்கவில்லை. எழுத்து ஒன்றாக இருக்க, அங்கே மட்டும் மூச்சு எங்கே போயிற்று?

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நல்ல காது உங்களுக்கு. ஸகர ஒலிக்குப் பின்னால் ஆங்கிலேயரும் ஊதுவதில்லை. அந்த இடத்தில் அவர்கள் சொல்வது ஏறத்தாழ நம் பகரம்தான். அந்த ஒலிப்பதிவில் முன்னால் இருக்கும் 'ஸ்' பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஓர் ஆங்கிலேயருக்குப் போட்டுக்காட்டினால், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' என்றுதான் சொல்வார், குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்று சொல்லமாட்டார். உங்கள் நேர்காணலில் நடந்ததும் இதுதான், வெட்டுவதற்கு அங்கே ஸகரம் இல்லை என்பதைத் தவிர. அழுத்தம் விழும் அசையின் தொடக்கத்தில்தான் ஊதல் வலுவாக வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பேப்பர்' என்பதிலேயே இரண்டாவதாக வரும் ஒலியில் அது மிகக் குறைவு.

பெரம்பூர் குரல் பயிற்சியாளர் எழுதியது:

பதினோரு ஆண்டுகளாகப் பி.பி.ஓ. நிறுவனங்களில் 'வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட்' பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வடசென்னையிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகளை 'எம்.டி.ஐ.', அதாவது தாய்மொழித் தாக்கம், என்று சொல்லித் தேர்வுத் தாளில் மதிப்பெண் குறைப்பதைப் பார்த்துச் சலித்துப்போனவள் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குறைக்கப்படும் மதிப்பெண்களில் பெரும்பகுதி, தமிழின் ஒழுங்கான விதிகளை ஆங்கிலத்துக்கும் பொருத்துவதால் குறைகிறது. சொல்லின் தொடக்கத்தில் எகரம் வந்தால் நம் பேச்சு முன்னால் ஒரு யகரச் சாயலைச் சேர்க்கும். ஒகரம் வந்தால் வகரச் சாயலைச் சேர்க்கும். அதனால் முட்டை 'யெக்' ஆகிறது, 'ஒன்லி' என்பது 'வோன்லி' ஆகிறது. சொல் வல்லினத்தில் முடியக்கூடாது என்பது தமிழ் மரபு. எனவே குற்றியலுகரத்தை ஒட்டி 'பஸ்ஸு', 'கப்பு' என்கிறோம். ஸகரமும் வேறொரு மெய்யும் சேர்ந்து சொல்லைத் தொடங்கக்கூடாது என்பதும் நம் மரபுதான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் 'இஸ்கூல்' போகிறார்கள். ஸ்பானிஷ் மொழிக்காரர்களும் அதே இடத்தில் முன்னால் ஓர் எகரம் சேர்க்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னால், தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு தொகுதியிலும் சொல்கிறேன்.

சொல்லின் தொடக்கத்தில் ஊதல் செய்யும் வேலையை, சொல்லின் இறுதியில் உயிரின் நீளம் செய்கிறது. பையைக் குறிக்கும் 'பேக்', முதுகைக் குறிக்கும் 'பேக்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் இவற்றை முறையே 'பேகு', 'பேக்கு' என்று பிரித்துவிடுவோம். ஆங்கிலேயரிடம் இறுதியில் அந்த உகரம் கிடையாது, இறுதி மெய்யில் அதிர்வும் பெரும்பாலும் தேய்ந்துபோய்விடும். பைக்கு உயிரை நீட்டுகிறார்கள், முதுகுக்குச் சட்டென்று வெட்டுகிறார்கள். காது வேறுபாட்டைப் பிடிப்பது அந்த நீளத்தில்தான். மாணவர்களை இறுதி மெய்யைப் பற்றிக் கவலைப்படாமல் உயிரை மட்டும் கவனிக்கச் சொன்ன பிறகே என் வகுப்பில் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

உண்மையைச் சொன்னால், தனி ஒலிகளைவிட அழுத்தம்தான் அதிகக் குழப்பம் உண்டாக்குகிறது. 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில் விழுகிறது. 'கிராஃபி' என்று முடிந்தால் அதே அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. அழுத்தம் நீங்கிய அசையின் உயிர் சோம்பேறித்தனமாக, வாய் அரைகுறையாகத் திறந்த நிலையில் முனகலாகத் தேய்கிறது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அந்த முனகல்தான். நாமோ எல்லா அசைக்கும் சமமாகப் படியளக்கிறோம். பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்பவர் சொல்லின் தலை எது என்று தேடுவார்.

இன்னொன்று: தேர்வுக்குப் படிக்கும் பிரிட்டிஷ் உச்சரிப்பை வாழ்க்கைக்கும் இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டிஷ் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்டபோது பதிவு செய்தது தென்னிங்கிலாந்தில் தனியார் விடுதிப் பள்ளிகளில் படித்த குடும்பங்களின் பேச்சை. இங்கிலாந்திலேயே பெரும்பாலோர் அப்படிப் பேசுவதில்லை.

திருவொற்றியூர் தமிழாசிரியர் எழுதியது:

இந்த உரையாடலைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலாகிய பிறப்பியல் இந்தப் பொருளைப் பற்றியதே. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களில் பட்டு எழுத்தாகிறது என்று அது தொடங்குகிறது. உந்தி என்பதற்கு நுரையீரல் என்று பொருள் கொள்ள முடியாது. ஆனால் வயிற்றிலிருந்து மூச்சை உந்துகிறோம் என்பதைப் பாடகர்கள் மறுக்கமாட்டார்கள்.

மாணவிக்கு உதவும் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். மேற்கைக் குறிக்கும் 'வெஸ்ட்', பார்வையைக் குறிக்கும் 'வியூ' என்பன போன்ற ஆங்கிலச் சொற்களில் இரண்டு வகை வகரங்கள் உண்டு. ஒன்று உதட்டைக் குவித்துச் சொல்வது, மற்றது மேற்பல்லைக் கீழுதட்டில் பட வைத்துக் காற்றை உரசவிட்டுச் சொல்வது. தொல்காப்பியம் வகரத்தைப் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்றே சொல்கிறது. அந்தப் பல்லை நாம் இன்று ஏறக்குறைய உதட்டில் படாமலே சொல்லிவிட்டுப் போகிறோம். பல்லை மெய்யாகவே படவைத்துச் சற்று உரசினால் ஆங்கிலத்தின் இரண்டாவது வகரம் வந்துவிடும். படவிடாமல் உதட்டைக் குவித்தால் முதலாவது வரும்.

மற்றது, எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் டகரத்தை நம் 'ட' என்று பலரும் எண்ணுகிறார்கள். நம் 'ட' நாக்கை மடித்து, நுனியை அண்ணத்தின் மேற்பகுதியில் ஒட்டிச் சொல்லும் வளைநா ஒலி. நம் 'த' பல்லடியில் பிறக்கும் ஒலி. ஆங்கிலேயரின் நாக்கு இரண்டுக்கும் நடுவே, மேற்பல்லுக்குச் சற்று மேலே மேடாக இருக்கும் பல்லீறில் படுகிறது. தமிழில் அந்த இடம் றகரத்துக்கு உரியது. நுனிநா அண்ணத்தை ஒற்றப் பிறப்பது றகரம் என்று பிறப்பியல் சொல்வதால், அது பழங்காலத்தில் உருளும் ஒலியாக இல்லாமல் அடைப்பொலியாகவே இருந்தது என்று மொழியியலார் கொள்கிறார்கள். மலையாளத்திலும் ஈழத்துத் தமிழிலும் 'காற்று' என்ற சொல்லின் இரட்டை றகரத்தில் அந்த ஒலி இன்றும் உயிரோடிருக்கிறது. அதனால்தான் ஈழத்தவர் கனடாவிலுள்ள டொராண்டோ நகரின் பெயரை 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். பேருந்து நடத்துனர் 'திருவொத்தியூர்' என்கிறார், நாம் புத்தகத்தில் 'திருவொற்றியூர்' என்கிறோம். ஈழத்து நண்பர் ஒருவரை அந்தப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆங்கில டகரம் எங்கே பிறக்கிறது என்று காது சொல்லும்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

ஐயா, நாக்கின் நுனியால் அந்த மேட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதில் படவைத்து 'டீ' என்று சொன்னால் எனக்கே என் குரல் புதிதாக இருக்கிறது. அடுத்ததாக, பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்லும் இரண்டு ஒலிகள் எனக்கு இன்னும் வரவில்லை. வகுப்பில் கண்ணாடி முன் நாக்கை நீட்டச் சொன்னார்கள், சிரிப்புத்தான் வந்தது.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தமிழாசிரியர் ஐயாவுக்கு நன்றி. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் ஆங்கில டகரத்தை 'ட' என்றே எழுதிப்போட்டவன் நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா, கண்ணாடி வேண்டாம். 'அது', 'இது' என்று அவசரமில்லாமல், வீட்டில் பேசுவதுபோலச் சொல்லுங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் அந்தத் தகரத்தில் நாக்கு பல்லை முழுமையாக அடைப்பதில்லை. காற்று கொஞ்சம் கசிகிறது, குரலும் அதிர்கிறது. 'இது' என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லின் முதலொலி ஏறத்தாழ அதுவே. அந்தத் தகரத்தை நீட்டிக்கொண்டே போய், முன்பு 'ஸ்ஸ்ஸ்' சோதனையில் செய்ததுபோலக் குரலை மட்டும் அணைத்துவிட்டால், மூன்று என்ற எண்ணின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலொலி கையில் நிற்கும். சொல்லின் முதலில் அதைக் கொண்டுவருவது மட்டுமே புதிய பழக்கம். பாடுவதைக் குறிக்கும் 'சிங்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கைவசச் சரக்கு உண்டு: 'சிங்கம்' என்ற சொல்லில் வரும் ககரத்தை விட்டுவிட்டு, 'அங்ஙனம்' என்பதிலுள்ள ஙகரத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

தேர்வில் முதலில் மூன்று சொல் அடையாளத்தை எழுதிவிடுங்கள். திருத்துபவர் அதைத்தான் தேடுவார். 'பேப்பர்' ஒலிக்கு 'ஒலிப்பிலா ஈரிதழ் அடைப்பொலி', அதாவது குரல் அதிராமல் இரு உதடும் அடைத்துத் திறக்கும் ஒலி, என்பதன் ஆங்கிலத்தை எழுதிய பிறகு, அழுத்தமுள்ள அசையின் தொடக்கத்தில் மூச்சோடும், ஸகரத்துக்குப் பின் மூச்சின்றியும் வரும் இரு மாற்றொலிகளைச் சேருங்கள்.

பெரம்பூர் குரல் பயிற்சியாளர் எழுதியது:

தேர்வு இருக்கட்டும், தங்கைக்கு நாளையே வேறொரு நேர்காணல் அழைப்பு வரலாம். மூச்சு பழகும்வரை ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வானூர்தித் துறையினர் இரைச்சலில் எழுத்து மாறிவிடக் கூடாது என்பதற்காக 1956 முதல் பயன்படுத்தும் சொற்பட்டியலை எங்கள் அலுவலகங்களில் எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். உங்கள் எழுத்துக்கு அதில் 'பாப்பா', மற்ற எழுத்துக்கு 'பிராவோ'. 'பாப்பா' என்பதை நீங்கள் மூச்சே விடாமல் சொல்லி அவருக்கு 'பாபா' என்று கேட்டாலும், பட்டியலில் அப்படி ஒரு சொல் இல்லை என்பதால் அவர் சரியான எழுத்தைத்தான் எழுதுவார்.